கடல்கட்டி

வெள்ளவத்தைச் சந்தைக்கு விடிந்ததும் விடியாததுமாக மீன் வாங்கப் போகிறவர்களுக்கு, அறக்குளாவும் விளைமீனும் பாரையும் வரிசையாய் அடுக்கப்பட்ட பலகையின் ஒரு கோடியிலே, ஏனைய மீன்களோடு பந்தியில் இருக்க விரும்பாததைப் போலத் தனித்து, செதிலின் மினுக்கம் சிறிதுமின்றிச் சாம்பல் பூசிய மேனியோடு கிடக்கின்ற ஒரு மீன் கண்ணிற் படாமற் போகாது. "மோரா, மோரா" என்று சிங்களத்திலே கூவிக்கொண்டிருக்கும் மீன்காரர், கூடையோடு ஒரு தமிழ்ப் பெண்மணி வந்து நின்றால் அந்தக் கணமே பாஷையை மாற்றிக்கொண்டு, "அக்கா, பால்சுறா இருக்கு, பிள்ளை பெத்த வீடா? அப்ப யோசிக்காம கொண்டு போங்க" என்பார். மீனை விற்கிறவருக்கு வாங்குகிறவரின் வீட்டு விசேஷம் எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்படுவதற்கில்லை. பால்சுறாவை ஒரு தமிழ்க் குடும்பம் தேடிக்கொண்டு வந்தால், அந்த வீட்டிலே பச்சை உடம்புக்காரி ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பது இந்தச் சந்தையிலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

என் பாட்டியார் அதைச் சமைக்கிற விதத்தைச் சிறுவயதிலே கொட்டாஞ்சேனை வீட்டின் பின்கட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். துண்டங்களைக் கொதிநீரிலே போட்டு ஒரு கொதி வந்ததும் எடுத்து, மணல் போலச் சொரசொரத்த தோலை நகத்தால் நிமிண்டி உரித்து, வெந்த சதையை விரல்களுக்கிடையே வைத்துப் பிசைந்து நார் நாராக உதிர்த்து, அந்த நீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்த சட்டியிலே மஞ்சளோடும் தேங்காய்ப்பூவோடும் போட்டு வறட்டி இறக்குவார். அவிக்காமற் சமைத்தால் சுறா நாறும் என்பது அவருடைய சாஸ்திரம். ஏன் நாறுகிறது என்பதற்குப் பிற்காலத்து ரசாயனம் சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுவேதான்: சமுத்திரத்து உப்பு நீர் தன் உடலின் ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி இந்த மீன் தன் இரத்தத்திலும் சதையிலும் யூரியா என்னும் பொருளை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது, உயிர் போன சில மணி நேரத்தில் அது சிதைந்து அமோனியா வாடை வீசுகிறது, அவித்துப் பிழிந்தால் அதன் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. பால்சுறாவுக்கும் தாய்ப்பாலுக்கும் உள்ள சம்பந்தத்தை வைத்தியர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். நம்மவருடைய நம்பிக்கையைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் அதையே தங்கள் பாஷையில் மாற்றி அந்த மீனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

பலகையிலே கிடப்பது முழங்கை நீளக் குட்டியாக இருந்தாலும், பத்தடி நீளப் பெருஞ்சுறாவின் அங்க லட்சணங்கள் யாவும் அதிலே சிறிய அளவில் அமைந்திருப்பதால், கூச்சப்படாமற் குனிந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம். தலையின் இரு பக்கத்திலும் கத்தியாற் கீறினாற் போன்று ஐந்து பிளவுகள். ஏனைய மீன்களுக்கு இருக்கிற செவுள் மூடி இதற்கு இல்லை. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் தோல் அரம்போலக் கையைப் பிறாண்டும். அத்தோலிலே செதிலுக்குப் பதிலாகப் பல்லின் ஜாதியைச் சேர்ந்த நுண்ணிய முட்கள் பின்னோக்கிச் சாய்ந்து பதிந்திருப்பதே அதற்குக் காரணம். மரத்தை இழைத்து மெருகேற்றும் தச்சர்கள் உப்புத்தாள் வருவதற்கு முன் இந்தத் தோலைத்தான் பயன்படுத்தினார்கள். வாய் முகத்தின் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் பிறை வடிவாக இருக்கிறது. அதற்குள்ளே பல்வரிசை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுப் போல மடிந்து கிடக்க, முன்வரிசைப் பல் விழுந்ததும் பின்வரிசைப் பல் அந்த இடத்துக்கு வந்து சேருகிறது. ஆயுள் முழுதும் இந்த மீனுக்குப் பல் போனதென்ற குறை கிடையாது. வாலின் மேற்கதுப்பு நீண்டும் கீழ்க்கதுப்பு குறுகியும் இருக்கும். உடலிலே எலும்பென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. எல்லாம் நம்முடைய காதுமடலைப் போன்ற குருத்தெலும்பே.

மூக்கைச் சுற்றிக் குண்டூசியாற் குத்தினாற் போலச் சிறு துவாரங்கள் பல இருப்பதையும் பார்க்கலாம். அழுத்தினால் பசை போன்ற திரவம் ஒன்று அவற்றிலிருந்து கசியும். 1678ஆம் ஆண்டிலே லொரென்சினி என்ற இத்தாலிய வைத்தியர் அவற்றை விவரித்து எழுதினார். ஆயினும் அவை எதற்காக இருக்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டு வரையிலும் விளங்காமலே இருந்தது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் சிறு மீனின் தசை அசைவிலே பிறக்கின்ற மிக அற்பமான மின்சாரத்தையும் சுறா அத்துவாரங்களின் வழியே உணர்ந்துகொள்கிறது. இருட்டிலும் கலங்கல் நீரிலும் அது இரையைத் தப்பவிடாமைக்கு மாயமொன்றுமில்லை, இதுவே காரணம். காற்றுப் பை இல்லாமையால் மிதப்பதற்கு அது தன் ஈரலையே நம்பியிருக்கிறது. எண்ணெய் நிறைந்த அந்த ஈரல் சில இனங்களில் உடலின் எடையில் காற்பங்கு வரையிலும் இருக்கும். இரண்டாம் மகாயுத்த காலத்திலே நோர்வேயின் கொட்மீன் எண்ணெய் வருவது நின்றபோது, சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் பம்பாயிலும் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலைகள் எழுந்ததும், அந்த எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு தாய்மார் பிள்ளைகளைத் துரத்தியதும் அந்தத் தலைமுறையார் மறவாத விஷயங்கள்.

இவையெல்லாம் புதிய ஞானம். பழைய தமிழர் இந்த மீனை வேறொரு கண்ணோடு பார்த்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளிலே தொழிலுக்குப் போகாமல், சினையுற்ற சுறாவின் கொம்பை மணலிலே நட்டு, அதிலே கடல் தெய்வத்தை எழுந்தருளச் செய்து வழிபட்ட காட்சியைச் சொல்லுகிறது. கொம்புடைய சுறா என்றால் அது நம் கடற்கரையார் வேளா என்று சொல்லுகின்ற, முகத்திலே இருபுறமும் பல்வைத்த வாள் நீண்டிருக்கும் பெருமீனாகவே இருத்தல் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் புலவர் சுறாவுக்குக் கொடுத்த சினை என்ற அடைமொழியிலே எனக்கு ஒரு மோகம் உண்டு. முட்டையிடுகிற மீன்களுக்கிடையே சில சுறாக்கள் குட்டி போடுகின்றன என்பதையும், அவற்றில் ஒரு வகைக்குத் தாயின் கருப்பையோடு கொப்பூழ்க்கொடித் தொடர்பும் உண்டு என்பதையும் அரிஸ்டாட்டில் எழுதிவைக்க, ஐரோப்பியர் அதை வெகுகாலம் நம்பாமலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜெர்மானிய அறிஞர் யொஹானஸ் முல்லர் அறுத்துப் பார்த்து மெய்யென்று காட்டிய பின்னரே ஒப்புக்கொண்டனர். நெய்தல் நிலத்து மீனவனோ வயிற்றைக் கீறும் ஒவ்வொரு நாளும் அதைப் பிரத்தியட்சமாய்க் கண்டவன்.

கரையில் நின்று கொம்பை நட்டு வணங்குவது ஒன்று. அந்த மீன் உலாவுகின்ற நீருக்குள்ளே நிராயுதபாணியாய் இறங்குவது வேறொன்று. தமிழரிலே ஒரு கூட்டத்தார் ஆண்டுதோறும் அப்படி இறங்கினார்கள். மன்னார் வளைகுடாவின் கீழைக்கரையிலே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களுக்கு எதிரே, கரையிலிருந்து சில கட்டை தூரத்திலே, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திலே உள்ள பார்களில் முத்துச்சிப்பி விளைந்தது. சிப்பி முற்றிய ஆண்டுகளில் மாசி பங்குனி மாதங்களை ஒட்டிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூறப்படும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றிலே பாய் விரித்துப் புறப்பட்ட தோணிகள் பொழுது விடியும் வேளையிலே பாரை அடைய, பீரங்கி வேட்டுச் சத்தத்தைக் கேட்டதும் குளியாளிகள் காலிலே கல்லைக் கோத்து, மூக்கைப் பொத்தி, ஒரு மூச்சிலே அடித்தளத்துக்கு இறங்கி, ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்னோ பின்னோ கையிற் கிடைத்ததை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பார்கள். மேலே நிற்பவன் இழுத்துக்கொள்வான். சுறா வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கூடையிலும் விடையில்லை, கல்லிலும் விடையில்லை. அதற்கென்றே ஒரு மனிதர் இருந்தார். அவருக்குப் பெயர் கடல்கட்டி.

கடல்கட்டி என்பது பட்டப்பெயரல்ல, உத்தியோகத்தின் பெயர். மந்திரத்தினாலே கடலைக் கட்டி, சுறாவின் வாயைக் கட்டி, குளிப்பு முடியும் வரையில் அந்தக் கட்டு அவிழாமற் காப்பது அவருடைய கடமை. இவ்வுத்தியோகத்தின் தொன்மைக்குச் சாட்சி வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலே இந்த வழியாகச் சென்ற அவர், இலங்கைக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள வளைகுடாவிலே முத்துக்குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரிக்கின்றவர்கள் பிராமணர்கள் என்றும், வியாபாரிகள் அரசனுக்குப் பத்திலொரு பங்கும் இம்மாந்திரிகர்களுக்கு இருபதிலொரு பங்கும் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். அரசன் வாங்கியதிற் சரிபாதி! அதைவிட ரசமான ஒரு செய்தியையும் அவர் சேர்த்திருக்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும். பொழுது சாய்ந்ததும் மாந்திரிகர்கள் தாமே கட்டை அவிழ்த்து மீன்களை அவற்றின் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார்கள். இரவிலே களவாக இறங்கிச் சிப்பி அள்ளலாம் என்று நினைக்கின்றவனுக்கு இதைவிடச் சிறந்த காவல் வேறென்ன வேண்டும்? பகலிலே குளியாளியின் பயத்தைக் கட்டி, இரவிலே திருடனின் பயத்தை அவிழ்த்துவிட்ட அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவர் மந்திரத்தை நம்பினாரோ இல்லையோ, மனித ஸ்வபாவத்தை நன்றாக அறிந்தவர்.

போலோவுக்கு அரை நூற்றாண்டு பின்னாக, 1344இல் வந்த இபுனு பத்தூதா புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டார். பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர், முத்துக்குளித்த பரவர் கத்தோலிக்கராயினர், ஒல்லாந்தர் வந்தனர், 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றினர். அரசு மாறியது, மதம் மாறியது, சலாபத்தின் கணக்கு எழுதும் பாஷை மூன்று முறை மாறியது. கடல்கட்டி மட்டும் மாறவில்லை.

ஆங்கிலேயர் வந்த புதிதில் இங்கே படை அதிகாரியாயிருந்த றொபேர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட தம் நூலிலே இம்மாந்திரிகர்களைச் சற்று எகத்தாளமாகவே வர்ணிக்கிறார். விடியற்காலை முதல் பிற்பகலில் தோணிகள் திரும்பும் வரையிலும் அவர்கள் கரையிலே நின்று உடம்பை வளைத்தும் நெளித்தும் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். அதுவரை அன்னந்தண்ணீர் கூடாது. ஆனால் இடையிடையே கள்ளைப் பருகி, நிற்கவும் இயலாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள் என்கிறார் அவர். பார்த்ததையே எழுதியிருப்பார், ஆயினும் பங்குனி வெயிலிலே அரிப்பு மணலில் எட்டு மணி நேரம் நின்றவனுடைய தொண்டையைப் பற்றியும் அவர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தக் காலத்திலேயே வழங்கிய இன்னொரு கதை என் மனத்தைவிட்டு நீங்குவதில்லை. ஒரு குளிப்பிலே ஒரு குளியாளியின் காலைச் சுறா கவ்வி எடுத்துவிட்டது. தலைமை மாந்திரிகரை அழைத்து விசாரித்தார்கள். அவர் சிறிதும் அதிராமல், தம்மீது வஞ்சங்கொண்ட கிழவி ஒருத்தி மலையாளக் கரையிலிருந்து அப்போதுதான் வந்து எதிர்மந்திரம் வைத்துவிட்டாள் என்றும், தாம் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த விபத்து நேர்ந்துவிட்டது என்றும், இப்பொழுது அவளையே கட்டிவிட்டபடியால் இனி ஒருவருக்கும் ஆபத்தில்லை என்றும் விடையளித்தார். சொன்னபடியே அந்தக் குளிப்பு முடியும்வரை வேறொரு சேதமும் நேரவில்லை. அவருடைய கீர்த்தி குறைவதற்குப் பதிலாகப் பெருகிற்று. தோல்வியைக்கூடத் தன் வித்தைக்குச் சாட்சியாக மாற்றத் தெரியாதவன் இந்த உத்தியோகத்துக்குத் தகுதியில்லாதவன் என்பது தெளிவு. இன்னொரு முறை, குளிப்பை மேற்பார்வையிட்ட ஆங்கில அதிகாரி ஒருவர் கடல்கட்டியை மடக்க எண்ணி, உனக்கு அவ்வளவு வல்லமை இருந்தால் இதோ இந்தக் கப்பலின் அருகே ஒரு சுறாவை வரவழைத்துக் காட்டு என்றாராம். வரவழைக்கலாந்தான், ஆனால் சுறாக்களை விரட்டுவதற்கல்லவா எனக்குச் சம்பளம், விருந்துக்கு அழைப்பதற்கல்லவே என்று விடை வந்ததாம். கச்சேரியிலே வளர்ந்த எந்த உத்தியோகத்தரும் தம் கடமையின் எல்லையை இவ்வளவு துல்லியமாக வகுத்துச் சொன்னதில்லை.

1845 முதல் 1850 வரை இலங்கை அரசாங்கத்தின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனன்ற், 1859இல் வெளிவந்த தம் பெருநூலிலே, அரிப்புக்குத் தாம் போனபோது கண்டதை எழுதியிருக்கிறார். இந்த வல்லமை ஒரே குடும்பத்திலே வழிவழியாக இறங்கி வருவதென்று எல்லோரும் நம்பினார்கள். அதைச் செய்கிறவரின் மதம் எது என்பதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. அந்தச் சமயத்துக் குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர். போலோ கண்ட பிராமணரிடமிருந்து டெனன்ற் கேட்ட கத்தோலிக்கர் வரையில் உள்ள தூரம் ஐந்தரை நூற்றாண்டு. சுறாவுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அன்று அவர் நோயுற்றிருந்தமையால் வரமுடியாமல், தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவரோ, அந்த ரகசிய மந்திரம் தமக்குத் தெரியாதென்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, ஆயினும் தாம் அந்தப் பெரியவரின் பிரதிநிதி என்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும் என்று உறுதி கூறினார். இதைப் படித்துச் சிரிக்கின்ற நாம், மேலதிகாரி விடுமுறையிலே போயிருக்கும்போது கையெழுத்திட அதிகாரமில்லாத ஒருவர் நாற்காலியிலே அமர்ந்திருப்பதனாலேயே காரியாலயங்கள் ஓடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்தாம்.

கடல்கட்டியுடைய கிரியையின் உட்பொருள் வெளியாருக்குத் தெரிவிக்கப்பட்டதில்லை. பூட்டிய அறையொன்றிலே, நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரத்துக்குள் வெள்ளியாற் செய்த ஆண்மீன் ஒன்றும் பெண்மீன் ஒன்றும் இருக்குமென்றும், கடலிலே விபத்து நேர்ந்தால் அந்த மீன்களில் ஒன்று மற்றொன்றைக் கடித்திருக்கக் காணலாமென்றும் ஊரார் சொல்லக் கேட்டு எழுதியவர்கள் உண்டு. அரசாங்கம் கொடுத்த ஊதியம் தவிர, தோணிகளிலிருந்து சிப்பியும் அவருக்குப் போயிற்று. கணக்குப் புத்தகத்திலே, படகோட்டிக்கும் காவற்காரனுக்கும் அடுத்ததாகச் சுறாவின் வாயைக் கட்டுகிறவருக்கும் ஒரு பத்தி இருந்தது.

இது மூடநம்பிக்கைக்கு அரசாங்கப் பணத்தை வாரியிறைத்ததல்லவா என்று கேட்கலாம். டெனன்ற் சொல்லுகின்ற இன்னொரு விஷயத்தைக் கவனித்தால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆங்கிலேயர் இலங்கையைக் கைக்கொண்ட நாள் முதலாக அவர் எழுதிய காலம் வரையில், முத்துக்குளிப்பிலே சுறாவினால் நேர்ந்ததென்று நம்பகமாகப் பதிவானது ஒரேயொரு விபத்துத்தான். நூற்றுக்கணக்கான தோணிகளின் ஆரவாரமும், ஓயாமல் விழுகின்ற கற்களும், ஏறியிறங்குகின்ற ஆயிரம் உடல்களும் சுறாக்களை விரட்டியிருக்கும் என்று அவர் காரணங் கற்பித்தார். அது பொருத்தமே. அதனோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: சுறா மனிதனைத் தேடி உண்கிற பிராணி அல்ல. உலகத்துச் சமுத்திரங்கள் யாவற்றிலும் சேர்ந்து, சீண்டாத மனிதனைச் சுறா கடித்ததாக ஆண்டொன்றுக்குப் பதிவாகும் சம்பவங்கள் 60, 70 என்ற அளவே. உயிர்ச்சேதம் பெரும்பாலும் பத்தை எட்டுவதில்லை. ஆகவே கட்டப்பட வேண்டிய வாய் ஆதியிலிருந்தே பெரும்பாலும் மூடியேதான் இருந்தது. கட்டப்பட வேண்டியிருந்தது குளியாளியின் நெஞ்சு. கடல்கட்டி கரையிலே நில்லாத நாளில் ஒருவனும் கல்லைக் காலிற் கோக்கமாட்டான். அவன் இறங்காவிட்டால் சர்க்காருக்குச் சல்லிக் காசும் வராது. சிப்பிக் குவியலிலே மூன்றிலிரண்டு பங்கைத் தான் எடுத்துக்கொண்ட ஓர் அரசாங்கம், அந்த நெஞ்சைக் கட்டியவருக்குக் கொடுத்த கூலி நியாயமான கூலி என்பதே என் தீர்ப்பு.

இந்தச் சங்கதி மேல்நாட்டுக் கலைஞரின் கற்பனையையும் விடவில்லை. 1863இலே பாரிஸ் நகரத்தில் அரங்கேறிய பிஸேயின் முத்துக்குளிப்போர் என்ற இசை நாடகம் இலங்கைக் கரையிலே நடப்பதாக அமைந்தது; அதிலே முகத்திரையிட்ட கன்னிகை ஒருத்தி பாறைமேல் நின்று பாடிக் குளியாளிகளைக் காக்கிறாள். கள்ளருந்தித் தள்ளாடிய கிழவரை விட்டுவிட்டுக் கன்னிகையைக் கொண்டுவந்த ஐரோப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கிழவரைப் பாடவைத்தால் யார் சீட்டு வாங்குவார்கள்?

சலாபத்தின் செல்வம் கொழும்புக்கு வந்து இறங்கிய இடம் கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே, கதிரேசன் கோயில்களின் மணியோசை கேட்கும் செட்டியார் தெரு. நகைக்கடைப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே இன்று நடந்து போகிறவர்களுக்கு அங்கே முத்து என்றால் ஜப்பானிய வளர்ப்பு முத்தே காட்டப்படும். என் பாட்டனார் காலத்துக்கு முந்தியவர்கள் மரிச்சுக்கட்டிச் சரக்கைச் சிவப்புத் துணியிலே பரப்பி, சல்லடைகளிலே இறக்கித் தரம் பார்த்தார்கள். 1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டு, அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது வருஷத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த லண்டன் கம்பெனியார் சில ஆண்டுகளுக்குள்ளேயே கண்டது வெறும் மணல். பின்னாளிலே பெரிய எழுத்தாளராக விளங்கிய லெனாட் வூல்ஃப், 1906இல் இளம் உத்தியோகத்தராக மரிச்சுக்கட்டிக் கொட்டில்களுக்கிடையே, அழுகும் சிப்பியின் நாற்றத்திலும் ஈக்களின் மத்தியிலும் கடமை பார்த்தார். அவருடைய தலைமுறை வருவதற்கு முன்னரே கடல்கட்டியின் பெயர் அரசாங்கச் சம்பளப் பட்டியலிலிருந்து நீங்கத் தொடங்கிவிட்டது. சுறாவை எந்தச் சட்டத்தாலும் நீக்கவில்லை. சிப்பியே நீங்கிப் போனபின் கட்டுவதற்கு ஆளும் தேவைப்படவில்லை.

சிப்பி போயிற்று, சுறா வியாபாரம் தொடங்கிற்று என்று சொன்னால் அது சரித்திரமாகாது, ஏனெனில் சுறாச் செட்டையை உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்புகிற தொழில் சலாபத்தோடு கூடவே இங்கு நடந்துகொண்டிருந்தது. எனினும் இயந்திரப் படகுகளும் நீண்ட தூண்டில் வரிசைகளும் ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு அதன் வேகம் வேறு. வடகொழும்பு முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் கரையேறிய சுறாக்கள், புறக்கோட்டைச் சென் ஜோன்ஸ் சந்தையிலே, அது பேலியகொடைக்குப் போகுமுன், ஈரச் சீமெந்துத் தரையிலே ஆளுயரத்துக்குக் கிடத்தப்பட்டிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். நானும் பார்த்தவன். இறைச்சி கருவாடாகும், ஈரல் எண்ணெயாகும், செட்டை மட்டும் தனியே, தங்கத்தை நிறுப்பது போன்ற கவனத்தோடு நிறுக்கப்படும். கொம்பன் சுறாவின் சுத்தியல் போன்ற தலையின் இரு ஓரங்களிலும் திறந்திருந்த கண்கள் ஒரே சமயத்தில் இரு வியாபாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சுறா மற்ற மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும் ஜாதியல்ல. பால்சுறா ஒரு பேற்றிலே சில குட்டிகளையே ஈனும். பெரிய இனங்கள் பருவமடையவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுக்கும். பிடிக்கிற வேகத்துக்குப் பிறக்கிற வேகம் ஈடுகொடாமையால், பட்டினப்பாலைப் பரதவர் கொம்பை நட்டு வணங்கிய வேளா இன்று இலங்கைக் கடலிலே கண்ணிற் படுவதே அபூர்வமாகிவிட்டது. 2007இல் அதன் சர்வதேச வியாபாரம் தடுக்கப்பட்டபோது தடுப்பதற்கு அதிகம் எஞ்சியிருக்கவில்லை. செட்டையை மட்டும் அரிந்துகொண்டு உடலைக் கடலிலே எறிவதைத் தடுக்கும் விதி 2001இல் இங்கே பிறந்தது. 2012இல், வாலின் மேற்கதுப்பு ஏறக்குறைய உடலளவுக்கு நீண்டு சாட்டைபோல் வளைந்திருக்கும் சுறா இனத்தைப் பிடிப்பதே குற்றமாக்கப்பட்டது. ஒரு காலத்திலே மனிதனுக்காகச் சுறாவின் வாயைக் கட்டச் சம்பளம் கொடுத்த அதே அரசாங்கம், இப்பொழுது சுறாவுக்காக மனிதனின் கையைக் கட்ட வர்த்தமானியிலே அச்சிட்டுக்கொண்டிருக்கிறது. பழைய கடல்கட்டிக்குக் கிடைத்த கீழ்ப்படிவு புதிய கடல்கட்டிக்குக் கிடைக்குமா என்பது, மந்திரத்தின் சக்தியைப் பொறுத்ததல்ல. முன்போலவே, கரையில் நிற்கிறவர்கள் அதை நம்புகிறார்களா என்பதைப் பொறுத்தது.

அரிப்பிலே, சலாபத்தை மேற்பார்வையிடுவதற்கென்று தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டிய மாளிகையைக் கடல் அரித்துக்கொண்டு வருகிறது. செங்கற் சுவர்கள் சில மட்டுமே மிஞ்சி நிற்கின்றன. கடல்கட்டிக் குடும்பத்தின் வீடு எங்கே இருந்ததென்று காட்ட ஓர் அடையாளமும் அங்கே நான் காணவில்லை.

வெள்ளவத்தைச் சந்தையிலே பால்சுறா வாங்குகிறவர்களைத் தடுக்க எனக்கு எண்ணமில்லை. பச்சை உடம்புக்காரிகளின் சாபத்துக்கு ஆளாக நான் துணியேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துண்டு போடுவதற்கு முன் மீனை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். வால் உடலளவுக்கு நீண்டிருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.